பூக்கும் காலத்தில் ஏன் ஒரு சாவு? வசந்தத் திருவிழாக்களும் உயிர்த்தெழுதலும்

பனித்துளி எழுதியது:

அம்மா நவம்பரில் இறந்தார். அதன்பின் வந்த முதல் பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவின் வழிபாடு, இது. சிறுவயதிலிருந்து ஆண்டுதோறும் பார்த்த சடங்குதான். ஆலயத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே புதுத் தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவார்கள். குருவானவர் அதை ஏந்திக்கொண்டு மூன்று இடங்களில் நின்று கிறிஸ்துவின் ஒளியை அறிவித்துப் பாடியபடி உள்ளே வருவார். ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு நெருப்பு போகும். இந்த முறை என் திரியை ஏற்றிவைத்தவர் முன்பின் தெரியாத ஒரு முதியவர்.

மணிகள் ஒலித்தன, எல்லாரும் மகிழ்ந்தார்கள். என்னால் முடியவில்லை. பெரிய வெள்ளியில் நின்ற கால் அங்கேயே நின்றுவிட்டது. சிலுவைப் பாதை எனக்குப் புரிந்த அளவுக்கு உயிர்ப்பு புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு கேள்வி விடாமல் அரிக்கிறது. மரங்கள் துளிர்க்கும் காலத்தில் ஏன் இத்தனை சமயங்கள் ஒரு சாவைக் கொண்டுவந்து நடுவில் வைக்கின்றன? பூக்கும் காலத்தைப் பூவோடு கொண்டாடினால் போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுடர்மணி எழுதியது:

உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள், சகோதரி.

இதற்கு நெடுநாள்களாகவே ஒரு விடை உண்டு. ஈஸ்டர் என்ற பெயரே பாபிலோனியத் தேவி இஷ்டாரிலிருந்து வந்தது. அவளுடைய காதலன் தம்மூஸ் வசந்தத்தில் இறந்து எழுந்தான். எகிப்தில் ஒசிரிஸ், உரோமையில் ஆத்திஸ், கிரேக்கத்தில் அடோனிஸ். எல்லாம் ஒரே கதை: விதை மண்ணில் மடிகிறது, பயிராக எழுகிறது. உழவர்கள் கண்டதைப் பூசாரிகள் கதையாக்கினார்கள். பெயர்கள்தாம் மாறின.

ஏடுபுரட்டி எழுதியது:

சுடர்மணி அவர்களே, நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் துக்கத்தில் கேட்ட ஒருவருக்குப் பிழையான தகவலைக் கொடுத்துவிட்டோமே என்ற பதற்றத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஈஸ்டர் என்பது ஆங்கிலத்தில் வழங்கும் சொல். 725ஆம் ஆண்டில் பீடு என்ற ஆங்கிலத் துறவி, தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ஏயோஸ்திரே என்ற தேவியின் பெயரால் அழைத்தார்கள் என்று எழுதினார். அந்தத் தேவியைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று அந்த ஒன்றுதான். இஷ்டாருக்கும் அதற்கும் ஒலியில் உள்ள ஒற்றுமை தற்செயலானது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் இந்த விழாவின் பெயர் பாஸ்கா. தமிழ்க் கத்தோலிக்கர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது எபிரேயப் பெசாக் விழாவின் பெயர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இரவின் நினைவு.

அடுத்து தம்மூஸ். எருசலேம் கோயிலின் வடக்கு வாயிலில் பெண்கள் அவனுக்காக அழுதுகொண்டிருந்ததை எசேக்கியேல் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. அந்த அழுகை வசந்தத்துக்கு உரியது அன்று. தம்மூஸ் மாதம் சூன், சூலையில் வரும். மெசபொத்தேமியாவில் வெயில் புல்லைக் கருக்கும் மாதம் அது. சுமேரியக் கதையில் அவன் பெயர் துமுசி. அவனும் அவன் சகோதரி கெஷ்தினன்னாவும் ஆளுக்கு அரையாண்டு பாதாளத்தில் இருப்பதென்று முடிவாகிறது. அவன் மீண்டு வரும்போதெல்லாம் அவனுக்குப் பதிலாக அவள் உள்ளே போகிறாள். இதை மறந்துவிட்டு "இறந்து எழுந்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

ஒசிரிஸின் சடங்குகள் நைல் வெள்ளம் வடிந்து விதைப்பு தொடங்கும் கோயாக் மாதத்தில் நடந்தன. அதுவும் வசந்தம் இல்லை. ஆத்திஸ் ஒருவர்தான் நாள்காட்டிப்படி பொருந்துகிறார். உரோமையில் மார்ச் 22 அன்று பைன் மரம் கோயிலுக்குள் கொண்டுவரப்படும், 24 குருதி நாள், 25 மகிழ்ச்சி நாள். ஆனால் இந்த வரிசையை முழுமையாகத் தரும் நாள்காட்டி கி.பி. 354ஐச் சேர்ந்தது. அதற்கு வெகு முன்பே கிறிஸ்தவர்கள் பாஸ்காவைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

1890இல் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற மானிடவியலாளர் இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார். பின்வந்த சமய ஆய்வாளர்களில் ஜொனாதன் ஸ்மித் போன்றோர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து, இவர்களில் பலர் இறக்கிறார்கள், ஆனால் எழுந்ததற்குச் சான்று குறைவு என்றார்கள். 2001இல் மெட்டிங்கர் என்ற ஆய்வாளர், சிலர் எழுந்தார்கள் என்று மறுபடி வாதிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆகவே பனித்துளி, உங்கள் கேள்வியை நான் சற்றுத் திருப்புகிறேன். எல்லாக் கதையிலும் தவறாமல் இருப்பது உயிர்த்தெழுதல் அல்ல, அழுகை. அந்த அழுகையைத் தொடங்குபவர்கள் அநேகமாகப் பெண்கள்.

தென்திசை எழுதியது:

நான் பூமியின் தென்பாதியில் வாழ்கிறேன். இங்கே பாஸ்கா இலையுதிர்காலத்தில் வருகிறது. பகல் குறைந்துகொண்டே போகும் நாள்களில்தான் நாங்கள் அந்தத் திரியை ஏற்றுகிறோம். துளிர் இல்லை, பூ இல்லை, பழுத்த இலைகள் காலடியில் கிடக்கின்றன.

வசந்தம்தான் இந்த விழாவின் பொருள் என்றால் எங்களுக்கு அது பொருளற்றுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இருட்டை நோக்கிப் போகும் பருவத்தில் ஏற்றப்படும் விளக்கு எனக்கு இன்னும் கூடுதலாகவே பேசுகிறது.

நாள் கணிப்பு மட்டும் வடக்கின் வானத்தை நம்பியிருக்கிறது. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்றது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும். கீழைத் திருச்சபைகள் பலவும் பழைய யூலியன் நாள்காட்டிக் கணக்கைப் பின்பற்றுவதால் 2024இல் இரண்டுக்கும் ஐந்து வாரம் இடைவெளி இருந்தது. 2025இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்று ஒன்றாக வந்தன.

கரும்புவில் எழுதியது:

ஏடுபுரட்டி "அழுகை" என்றதும் எனக்கு ரதி நினைவுக்கு வந்தாள். வசந்தம், சாவு, மீள்பிறப்பு என்று பேசிவிட்டுக் காமன் பண்டிகையைத் தொடாமல் போவது நியாயம் இல்லை.

கதை எல்லாருக்கும் தெரியும். அசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு மகன் வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். தேவர்கள் காமனை அனுப்புகிறார்கள். அவன் தோழன் வசந்தன் உடன் போய்ப் பருவம் இல்லாத பருவத்தில் மரங்களைப் பூக்க வைக்கிறான். காமன் கரும்பு வில்லை வளைக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது. கைப்பிடிச் சாம்பல். அந்த இடம் என்று போற்றப்படும் திருக்குறுக்கை, எட்டு வீரட்டத் தலங்களில் ஒன்று, மயிலாடுதுறைக்கு அருகில் இருக்கிறது.

காமனின் ஐந்து மலர் அம்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. முதல் மலர் நினைப்பை ஊட்டும். கடைசி மலரான நீலம் உயிரைப் போக்கும் என்பது மரபு. வசந்தத்தின் தெய்வம் கையில் வைத்திருக்கும் பூங்கொத்திலேயே சாவும் ஒரு பூவாக இருக்கிறது. பனித்துளி கேட்ட கேள்விக்கு நம் முன்னோர் தந்த விடைகளுள் இது ஒன்று என்றே நம்புகிறேன்.

மாசி முழுநிலவை ஒட்டி நடக்கும் இந்த விழாவைத் தஞ்சைப் பக்கத்து ஊர்களிலும் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் பார்க்கலாம். மலையகத்தில் அது காமன் கூத்து. மதனும் ரதியுமாக வேடம் பூண்டவர்கள் ஆடிப்பாடி வருவார்கள். நட்டு வைத்த காமன் கம்பம் எரியும். ரதி ஒப்பாரி வைப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அந்தக் கண்ணீர் ரதிக்கு மட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. அவரவர் வீட்டில் போனவர்களுக்கும் அதிலேயே ஒரு பங்கு போய்விடும். பின்னர் மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள்.

தஞ்சைப் பகுதியில் இதை ஒட்டி லாவணி நடக்கும். மராட்டியர் ஆட்சியோடு வந்த கலை. டேப்பு அடித்துக்கொண்டு இரண்டு அணிகள் விடிய விடியப் பாட்டாலேயே வாதிடும். ஒன்று எரிந்த கட்சி, காமன் எரிந்தான் என்று சொல்லும். மற்றது எரியாத கட்சி. "எரிந்த கட்சியா, எரியாத கட்சியா" என்று நாம் பேச்சில் சொல்வது இங்கிருந்துதான். இறந்தவர் உண்மையிலேயே இறந்தாரா என்பதை இசையோடு வழக்காடித் தீர்த்துக்கொள்ள ஒரு சமூகம் தனக்கென இரவுகளை ஒதுக்கிவைத்திருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

முடிவைச் சொல்ல வேண்டும். ரதி மன்றாடியதால் சிவன் இரங்குகிறார். காமன் பிழைக்கிறான். ஆனால் உடல் இல்லாமல். அதனால் அவனுக்கு அனங்கன் என்று பெயர். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான்.

ஏடுபுரட்டி எழுதியது:

அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும். "மூன்றாம் நாள்" என்ற ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு யாரும் ஓட வேண்டாம். காமன் ஆண்டுதோறும் எரிகிறான், ஆண்டுதோறும் எழுகிறான். கிறிஸ்தவர்கள் தங்கள் விழாவை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. ஒரே முறை, ஓர் ஆளுநரின் ஆட்சியில், ஒரு நகரத்தில் நடந்தது என்பதே அவர்கள் நம்பிக்கையின் உயிர். அதைப் பருவச் சுழற்சியாகச் சுருக்கினால் அவர்கள் சொல்வதை நாம் காதில் வாங்கவில்லை என்று பொருள்.

பனித்துளி எழுதியது:

ஆம், எங்களுக்கு அது சுழற்சி இல்லை. நன்றி.

ஆனால் கரும்புவில் எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான்.

நற்செய்திகளை எடுத்து உயிர்ப்புப் பகுதிகளை மறுபடி வாசித்தேன். மகதலா மரியா கல்லறை வாயிலில் நின்று அழுகிறார். பின்னால் நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். பெயர் சொல்லி அழைத்தபிறகுதான் தெரிகிறது. எம்மாவு ஊருக்குப் போன இருவர் வழியெல்லாம் உடன் நடந்தும் அவரை அறியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது, உடனே அவர் மறைந்துவிட்டார். தோமாவுக்குக் காட்டிய கைகளில் காயம் அப்படியே இருந்தது.

இத்தனை ஆண்டுகள் கேட்டும் இது என் காதில் விழவே இல்லை. மகதலா மரியாவும் எம்மாவுக்குப் போனவர்களும் அவரைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளவில்லை. திரும்பி வந்தவர் போனபடியே வரவில்லை. அன்றிரவு என்னால் மகிழ முடியாமல் போனது அம்மா பழையபடி வர வேண்டும் என்று எதிர்பார்த்ததால்தானோ என்று தோன்றுகிறது.

வித்து எழுதியது:

இழை தொடங்கியபோதே எழுத நினைத்தேன். விதைகளோடு புழங்கும் தொழில் என்னுடையது. "விதை மடிகிறது" என்று சுடர்மணி சொன்னதில் தொடங்குகிறேன்.

உயிரியல்படி விதை மடிவதில்லை. முளைக்கிற விதைக்குள் கரு உயிரோடு உறங்குகிறது. ஈரமும் உரிய வெப்பமும் கிடைத்தால் விழிக்கிறது. தீர்ந்துபோவது அதைச் சுற்றித் தாய்ச்செடி சேர்த்து வைத்த உணவு. முளை ஒளியைத் தொடும்வரை அந்தச் சேமிப்பைத் தின்றுதான் வளரும். இலை பச்சை பிடிக்கும்போது விதையில் வெறும் தோல் மிஞ்சும். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் மிகுந்த பலன் தரும் என்று யோவான் நற்செய்தியில் வரும் வாக்கை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: தாய் சேர்த்து வைத்தது முழுவதும் செலவாக வேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முளைப்பாரியைப் பாருங்கள். பங்குனி, சித்திரை அம்மன் விழாக்களில் நவதானியத்தை மண்பாத்திரத்தில் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து, பெண்கள் நோன்பிருந்து நீர் தெளித்து வளர்ப்பார்கள். ஒளி இல்லாததால் பச்சையம் உண்டாகாது. ஒளியைத் தேடி நெடுநெடுவென்று, வெளுத்த மஞ்சள் நிறத்தில் உயரும். அதைச் சுற்றிக் கும்மியடித்து, தலையில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் கரைத்துவிடுவார்கள்.

பழைய ஏதென்சில் பெண்கள் உடைந்த சட்டிகளில் கீரையும் பெருஞ்சீரகமும் விதைத்து வீட்டுக்கூரையில் வைப்பார்கள். எட்டு நாளில் முளைத்து வாடும். அவற்றை அடோனிஸ் தோட்டங்கள் என்பார்கள். அவனுக்காக அழுதுவிட்டு அவற்றையும் நீரில் எறிவார்கள். ஈரானில் வசந்தப் புத்தாண்டான நவ்ரோஸ் மேசையில் கோதுமை முளை இருக்கும். பதின்மூன்றாம் நாள் அது ஓடும் நீரில் போகும். சிசிலியில் இன்றும் இருட்டில் கோதுமையை முளைக்க வைத்து, அந்த வெளிறிய நாற்றைப் பெரிய வியாழனன்று நற்கருணைப் பீடத்தின் முன் வைக்கிறார்கள். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய அரசன் துத்தன்காமனின் கல்லறையில், ஒசிரிஸ் உருவத்தில் செய்த மரச்சட்டத்தில் மண் நிரப்பி முளைக்கவிட்ட தானியம் துணி சுற்றிய நிலையில் கிடைத்தது.

இவர்களுக்குள் யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் தேடவில்லை. இந்தத் தோட்டங்கள் எதிலும் அறுவடை கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பலனுக்காக வளர்த்தால் வயலில் நட்டிருப்பார்கள். இருட்டில் வைத்துக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு, கதிர் விடுமுன் தம் கையாலேயே விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடுவதற்கு ஆண்டுதோறும் ஒரு பயிற்சி.

சுடர்மணி எழுதியது:

என் முதல் பதிவில் பிழைகள் இருந்தன. பிறர் சொல்லக் கேட்டதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன், வருந்துகிறேன்.

வித்து நவ்ரோஸைச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஈரானின் பழைய சமயமான சொராத்திரிய மரபில் ஆண்டின் கடைசிப் பத்து நாள்கள் இறந்தோரின் பிரவஷிகள், அதாவது ஆவிகள், வீடு தேடி வரும் நாள்கள். அவர்களை வரவேற்று, வழியனுப்பி வைத்தபிறகே புத்தாண்டு. அதாவது வசந்தத்தின் வாசலில் முதலில் நிற்பவர்கள் இறந்தவர்கள்.

தென்திசை எழுதியது:

சீனர்களின் சிங்மிங்கும் அப்படித்தான். வசந்தச் சமநாளுக்குப் பதினைந்து நாள் கழித்து, ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும். கல்லறைகளைத் துப்புரவாக்கி உணவு படைத்துவிட்டு அப்படியே பசும்புல்லில் உலாவவும் போவார்கள். அதற்கு முன் அடுப்பு மூட்டாத நாள் ஒன்று பழங்காலத்தில் இருந்தது. பழைய தீயை அணைத்து, பிறகு புதுத் தீ. பனித்துளி வர்ணித்த இரவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது!

உருசிய மரபுவழிக் கிறிஸ்தவர்கள் பாஸ்காவுக்கு ஒன்பதாம் நாள் கல்லறைக்குச் சிவப்பு முட்டைகளோடு போகிறார்கள். உயிர்த்தெழுந்த செய்தியை இறந்தவர்களிடமும் சொல்ல வேண்டும் என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் என் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஏடுபுரட்டி எழுதியது:

யூதர்களின் பெசாக் வாரத்தில் வரும் ஓய்வுநாளில் எசேக்கியேல் 37 வாசிக்கப்படுகிறது: பள்ளத்தாக்கு நிறைய உலர்ந்த எலும்புகள், அவை சேர்ந்து உயிர் பெறும் காட்சி. மழையைப் பற்றிய சொற்களை யூதர்கள் தங்கள் அன்றாட வேண்டுதலில் எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இறந்தோரை உயிர்ப்பிக்கும் இறைவனைப் போற்றும் பகுதிக்குள். பெசாக்கின் முதல் நாளில் அந்த மழைச் சொல்லை நிறுத்திவிட்டுப் பனிக்காக வேண்டுகிறார்கள். குர்ஆனும் வறண்ட நிலம் மழையால் உயிர்பெறுவதைக் காட்டி இறந்தோர் எழுவதைப் பேசுகிறது. ஆனால் இசுலாமிய மாதங்கள் பிறையைப் பின்பற்றி எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவதால் அந்த எண்ணம் எந்த ஒரு பருவத்தோடும் கட்டப்படவில்லை. முதலில் தென்திசை சொன்னதற்கு இது வலுச் சேர்க்கிறது.

கோயில்பிள்ளை எழுதியது:

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முப்பது ஆண்டுகளாகக் கோயில்பிள்ளையாக வேலை செய்கிறேன். ஏடுகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கையால் செய்யும் வேலையைச் சொல்கிறேன்.

குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுக்கும் ஓலைகள் காய்ந்ததும் மக்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றை எரித்துச் சலித்து அடுத்த ஆண்டுச் சாம்பல் புதனுக்கு வைப்போம். போன ஆண்டு ஆர்ப்பரித்த ஓலைதான் இந்த ஆண்டு நெற்றியில் சாம்பல்.

பாஸ்கா திரியில் சிலுவை வரைந்து, அகரமும் னகரமும் எழுதி, அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் பொறிப்பார்கள். ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார்கள். தூய ஆவியார் பெருவிழா வரை அது பீடத்தருகே நிற்கும். பிறகு ஞானத்தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்போம். ஆண்டு முழுவதும் அதை இரண்டு வேளைகளில் ஏற்றுவோம். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது, அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே.

மகளே, உன் அம்மாவின் அடக்கத்தன்று அது எரிந்ததா என்று நினைத்துப் பார்.

பனித்துளி எழுதியது:

ஐயா, எரிந்தது. அன்று நான் அதைப் பார்க்கவே இல்லை. தம்பியிடம் கேட்டேன். அவன் கைபேசியிலிருந்து ஒரு படம் அனுப்பினான். பெட்டிக்குத் தலைமாட்டில் உயரமான திரி, பாதிக்குமேல் உருகியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஆண்டின் இலக்கங்கள் தெரிகின்றன.

அந்த ஆண்டுத் திருவிழிப்புக்கு அம்மா வந்திருந்தார். முழங்கால் வலி என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்தத் திரியிலிருந்து கிளம்பிய நெருப்பு கை மாறி மாறி அந்தக் கடைசி வரிசைவரை போனது. அம்மா தம் திரியில் அதை வாங்கி, பிறகு சாய்த்து எனக்குக் கொடுத்தார்.